தஸ்லீமின் குட்டிச்சாத்தான்கள்

பூந்தமல்லியில் கார் ஓட்டும் பெண்களில் பாதிப் பேரை ரோட்டில் இறக்கிவிட்டவள் தஸ்லீம்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு வேலை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் செருப்பை லேசாக வைத்துக்கொண்டு, மெட்ரோ தூண்களுக்கு நடுவே நடுங்கி நடுங்கி வண்டியை நகர்த்துகிறவர்களிடம் பேசிக்கொண்டே வருவாள். "ஆட்டோக்காரன் கையைப் பாக்காதம்மா, மூஞ்சியப் பாரு. மூஞ்சி எந்தப் பக்கம் திரும்புதோ வண்டி அந்தப் பக்கம் வரும்." ஊரில் அவளுக்கு 'பிரேக் அக்கா' என்று பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இத்தனை வருஷத்தில் அவள் உட்கார்ந்திருந்த வண்டி யார் மேலும் இடித்ததில்லை.

வயது நாற்பத்திரண்டு. கணவர் அஸ்கர் கடைத்தெருவில் மெத்தை, தலையணை வியாபாரம் செய்கிறார். ஒரே மகள் அலீனா திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போய்விட்டாள். அவள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியங்கள்தான் தஸ்லீமுக்குப் பெரிய தலைவலி. அஸ்கர் கடையைச் சாத்திவிட்டு வந்து பிரியாணி சாப்பிட்டுப் படுத்தால், மெத்தைக் கடைக்காரர் தூக்கம் அது, அஸர் தொழுகைக்கு பாங்கு சொன்னால்தான் கலையும். அதுவரை தஸ்லீம் பால்கனியில் நின்று கீழே போகிறவர்கள் வண்டியை எப்படித் திருப்புகிறார்கள் என்று குறை கண்டுபிடித்துக்கொண்டிருப்பாள்.

அப்படி இருந்தபோதுதான் அபிஷேக் ஒரு மைசூர்பாகு டப்பாவுடன் ஸ்கூலுக்கு வந்தான்.

கரூர்ப் பையன். அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, மேனாம்பேட்டில் ஃபிளாட். யூ-டர்ன் எடுக்கப் பயந்து இரண்டு தடவை டெஸ்டில் தோற்று, மூன்றாவது தடவை லைசென்ஸ் வாங்கியவன். நன்றி சொல்லிவிட்டுப் போகாமல் கதவோரம் நின்றான்.

"அக்கா, ஒரு உதவிங்க. எங்க அப்பார்ட்மெண்ட் ஹால்ல ஞாயித்துக்கிழமை ஒரு விளையாட்டு நடக்குதுங்க. எட்டு டீம் வேணும். ஒருத்தர் மாத்தலாகி பெங்களூரு போயிட்டாரு. ஒரு ஆள் குறையுதுங்க."

"இன்னா விளையாட்டு? ஷட்டிலா? எனக்கு முட்டி வலிப்பா."

"உக்காந்தே ஆடலாம்ங்க. ஃபுட்பால்."

"உக்காந்துகினு ஃபுட்பாலா?"

அவள் சிரித்த சிரிப்பை அபிஷேக் சரி என்று எடுத்துக்கொண்டான். அவளும் மறுக்கவில்லை. பால்கனியில் நிற்பதற்கு அது மேல் என்று பட்டது.

அடுத்த ஞாயிறு ஸ்கூட்டரில் வானகரம், அயனம்பாக்கம் வழியாக மேனாம்பேட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். ஹாலில் நாலு மேஜை. ஒவ்வொன்றின் மேலும் கட்டம் கட்டமாகப் பச்சைப் பலகை. பலகையின் இரு பக்கமும் கட்டைவிரல் உயரத்துக்குப் பொம்மைகள்: குள்ளர்கள், எலும்புக்கூடுகள், வாலுள்ள எலி மனிதர்கள், கூர்க்காது வனதேவதைகள். விளையாட்டுக்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது. எல்லாரும் 'பூதப்பந்து' என்றுதான் சொன்னார்கள்.

நடத்துகிறவர் ஸ்ரீகாந்த், அப்பார்ட்மெண்ட் சங்கத்தில் பொருளாளர். அவர் விதிகளை விளக்கினார். பெயர்தான் ஃபுட்பால், காலால் உதைப்பதே கிடையாது. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்ட வேண்டும். குறுக்கே வருகிறவனை அடித்துத் தள்ளலாம், அல்லது நழுவிப் போகலாம். இரண்டுக்கும் பகடை உருட்ட வேண்டும். பலகையில் ஒரு டீமுக்குப் பதினோரு பேர், மிச்சப் பேர் மாற்று ஆட்கள். நம் முறை வரும்போது பதினோரு பேரையும் ஒவ்வொருவராக நகர்த்தலாம். ஆனால் நடுவில் நம் ஆள் ஒருவன் தடுக்கி விழுந்தாலோ, பந்தை நழுவவிட்டாலோ, அத்தோடு நம் முறை முடிந்தது. இன்னும் நகராதவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

"ஒரு சலுகை இருக்கு மேடம். விழுந்த பகடையை மறுபடி உருட்டலாம். ஆனா ஒரு ஆட்டத்துக்கு சில தடவைதான். அதையும் டீம் கட்டும்போதே புள்ளி கொடுத்து வாங்கி வெச்சுக்கணும்."

டீம் கட்டுவதுதான் முதல் வேலை. எல்லாருக்கும் ஒரே அளவு புள்ளி. அதற்குள் ஆள் பிடிக்க வேண்டும். அபிஷேக் வனதேவதைகளை எடுக்கச் சொன்னான். வேகமாக ஓடுவார்கள், பந்து கையில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் விலை அதிகம், அடித்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கிவிடுவார்கள். ஸ்ரீகாந்த் மனிதர் டீமைச் சிபாரிசு செய்தார். எல்லாம் மத்திமம், புதுசாக வருகிறவர்களுக்குத் தோதாக இருக்கும்.

தஸ்லீம் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தாள். கடைசி டப்பாவில் பெயிண்ட் அடிக்காத சாம்பல் நிறக் குட்டிச்சாத்தான்கள் குவிந்து கிடந்தன. கூடவே கோழிமுட்டை அளவு தலையுடன் ஒரு பூதம்.

"இவங்க யாரு?"

"அது வேணாம்க்கா," என்றான் அபிஷேக். "ரொம்ப மலிவு, ரொம்ப சொத்தை. ஊதுனா விழுந்துருவாங்க. இடுக்குல நழுவுறதுக்கு மட்டும்தான் லாயக்கு. அந்தப் பூதத்துக்குப் பலம் இருக்கு, புத்தி கிடையாது. பக்கத்துல ஒரு ஆள் நின்னு ஞாபகப்படுத்தலைன்னா என்ன செய்ய வந்தோம்னே மறந்துட்டு நிக்கும்."

தஸ்லீம் ஒரு குட்டிச்சாத்தானை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். குமணன்சாவடி சிக்னலில் இரண்டு லாரிக்கு நடுவே ஹேண்டில்பாரைச் சாய்த்து நுழைகிற பைக் பையன்களின் அதே மூஞ்சி. "இவனுங்களை எனக்கு நல்லாத் தெரியும்," என்றாள். "இவனுங்களே இருக்கட்டும்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் டப்பாவைப் பார்த்த அஸ்கர் முகம் சுளித்தார். "சாத்தானை ஊட்டுக்குள்ள கூட்டியாந்துட்டியே! போதாத்துக்குப் பதிமூணு பேரா?"

"பூதம் ஒண்ணு தனியாக் கீது," என்றாள் தஸ்லீம்.

அலீனா விட்டுப்போன நகப்பாலிஷ் குப்பிகளை எடுத்து உட்கார்ந்து சட்டை, தொப்பியெல்லாம் பூசினாள். ஒருவனுக்குத் தலையில் பாலிஷ் திரண்டு சுருட்டை முடி மாதிரி நின்றுவிட்டது. அவன் பெயர் சுருட்டை ஆனது. தூங்கப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அஸ்கர் ஒல்லியாக இருந்தவனுக்குப் பல்லி என்றும், குட்டையாக இருந்தவனுக்குக் குண்டுமணி என்றும் பெயர் வைத்தார். டீமுக்குப் பெயர் 'பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் பாய்ஸ்'.

முதல் ஆட்டம் ராஜகுமாரியோடு. அம்பத்தூரில் பல் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர். மெல்லிய குரல், கலையாத காட்டன் புடவை. அவருடைய டீம் குள்ளர்கள். ஒவ்வொரு குள்ளனும் இரும்புச் சட்டை போட்டு, தாடியைப் பின்னி விட்டிருந்தான். ராஜகுமாரி பகடையைக் கையில் எடுத்து, "கொஞ்சம் வலிக்கும்," என்று பரிவோடு சொல்லிவிட்டு உருட்டுவார். ஒரு குட்டிச்சாத்தான் போய்விடுவான். மறுபடி, "இதோ முடிஞ்சிடுச்சு," என்பார். இன்னொருவன் போவான். ஆட்டம் முடியும்போது தஸ்லீம் பக்கம் நின்றவர்கள் நாலே பேர். மூன்றுக்குப் பூஜ்யம்.

தஸ்லீமுக்குத் தோற்றதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு தடவைகூடத் தன் முறையை முழுசாக ஆடி முடிக்கவில்லை என்பதுதான் உறுத்தியது. ஒவ்வொரு முறையும் சந்து தெரிந்த உடனே முதல் ஆளை நுழைத்தாள்; அவன் விழுந்தான்; முறை போனது. பூதம் மறுபாதி முழுக்கத் தனியாக நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஸ்கூட்டர் வரை கூடவே வந்த அபிஷேக் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பகடையே வேண்டாத வேலை நிறைய இருக்குங்க. விழுந்தவனை எழுப்புறது, சும்மா நாலு கட்டம் நகத்துறது, பூதத்துக்குப் பக்கத்துல ஆளை நிறுத்துறது. அதையெல்லாம் முதல்ல முடிச்சுருங்க. சந்துல நுழையறதை எல்லாத்துக்கும் கடைசியா வெச்சுக்குங்க. விழுந்தாலும் மத்தவங்க சரியான இடத்துல நிப்பாங்க."

"நீ எனக்கு சொல்லிக் குடுக்குறியா? யூ-டர்ன்னா அழுவியே, நீ?"

"ஆமாங்க்கா," என்று அவன் சிரித்தான். "இங்க நான்தான் உங்களுக்குப் பக்கத்து சீட்டு."

வழியெல்லாம் அவளுக்குக் கோபம்தான். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவன் சொன்னது சரி என்று பட்டது. அஸ்கரின் கட்டம் போட்ட கைலியைத் தரையில் விரித்தாள். மெத்தைக்குத் தைக்கும் துணிப் பொத்தான்களைக் கடையிலிருந்து கொண்டுவரச் சொல்லி, வெள்ளைப் பொத்தான் குள்ளர்கள், சிவப்புப் பொத்தான் தன் ஆட்கள் என்று அடுக்கினாள். எதிரில் அஸ்கரை உட்காரவைத்தாள். அஸ்கர் ஆடிய ஆட்டம் ஒரே ஆட்டம்தான்: அடி. பந்து எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை, எதிரில் யார் நின்றாலும் அடி.

"இன்னாங்க இது, பந்து அந்தப் பக்கம் கீது, நீங்க இந்தப் பக்கம் சண்டை போட்டுகினு கீறீங்க."

"பந்து எங்கப் போவப்போது? முதல்ல இவனை முடிச்சிக்கிறேன்."

அந்தக் கைலி ஒரு மாதம் தரையிலேயே கிடந்தது. கடைக்கு வந்தவர்களிடம் அஸ்கர் தலையணைக்கு அளவு சொல்லிக்கொண்டே, பூதத்துக்குப் பக்கத்தில் யாரை நிறுத்துவது என்று யோசிக்க ஆரம்பித்தார்.

அடுத்த ஆட்டங்களில் காற்று மாறியது. எலி மனிதர்களோடு டிரா. மனிதர் டீமை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தாள். சுருட்டை கிளம்பினால் பிடிக்க முடியவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் கோல் போடுகிறவனுக்குப் புதுத் திறமைகள் கிடைக்கும்; அவனுக்குத் தாவிக் குதிப்பதும், கை தவறாமல் பிடிப்பதும் சேர்ந்துவிட்டன. மற்ற மேஜைக்காரர்கள் எழுந்து வந்து அவன் ஓடுவதை நின்று பார்த்தார்கள். திருச்சியிலிருந்து அலீனா போன் செய்தால், "அம்மா, சாப்பிட்டியா" என்பதற்கு முன், "சுருட்டை எத்தனை கோல்?" என்று கேட்டாள்.

அடுத்தது ஸ்ரீகாந்தின் எலும்புக்கூடுகளோடு. முதல் பாதியிலேயே குண்டுமணிக்குப் பலத்த அடி. ஒவ்வொரு டீமுக்கும் ஒரு வைத்தியர் உண்டு; ஒரு ஆட்டத்தில் ஒரே ஒருவனைத்தான் காப்பாற்றுவார். அபிஷேக் தள்ளி நின்று கண்ணால் வேண்டாம் என்றான். குண்டுமணி மாதிரி ஆள் டப்பா நிறைய இருக்கிறான், வைத்தியரைச் சுருட்டைக்காக வைத்துக்கொள் என்பது அதன் அர்த்தம். தஸ்லீமுக்கும் அது புரிந்தது. ஆனால் குண்டுமணி கீழே கிடக்கிறான், கையில் வைத்தியர் இருக்கிறார். அவளால் முடியவில்லை.

"வைத்தியரைக் கூப்புடுறேன்," என்றாள்.

குண்டுமணி பிழைத்தான். இரண்டாம் பாதியில் இரண்டு எலும்புக்கூடுகள் சேர்ந்து சுருட்டையை ஓரத்தில் மடக்கின. ஸ்ரீகாந்த் உருட்டிய பகடையைப் பார்த்துவிட்டு அவரே, "அடடா," என்றார். சுருட்டை செத்துப்போனான். இந்த விளையாட்டில் செத்தால் செத்ததுதான். அடுத்த வாரமும் வரமாட்டான்.

"சாரி மேடம்," என்றார் ஸ்ரீகாந்த், நிஜமாகவே வருத்தத்தோடு.

"விளையாட்டுதானே சார்," என்றாள். ஆட்டத்தை முடித்து, தோற்று, கை குலுக்கிவிட்டுக் கிளம்பினாள். வானகரம் வரை வண்டியை ஓட்டிவந்தவள், ஒரு ஜூஸ் கடை ஓரமாக நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கட்டைவிரல் அளவுப் பொம்மைக்கு அழுகிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஒரு சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் குடித்த பிறகுதான் வண்டியை எடுக்க முடிந்தது.

வீட்டில் விஷயத்தைக் கேட்டு அஸ்கர் சத்தம் போட்டார். "குண்டுமணிக்கா வைத்தியர்? அவன் இதுவரைக்கும் இன்னா கிழிச்சான்?"

"அவனும் நம்ம ஆளுதானேங்க."

அஸ்கர் எழுந்து அடுப்படிக்குப் போனார். டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

சேர்ந்திருந்த புள்ளியில் புது ஆள் எடுக்கலாம். இரண்டாவது பூதம் ஒன்று வாங்கச் சொல்லி எல்லாரும் வற்புறுத்தினார்கள். அஸ்கருக்கும் அதே ஆசை. தஸ்லீம் கைலியில் பொத்தான்களை வைத்து வெகுநேரம் பார்த்தாள். "ஒரு பூதத்துக்கே ஒரு ஆள் காவல் நிக்கிறான். ரெண்டு பூதம்னா ரெண்டு ஆள் காவல். அப்புறம் பந்தை யாரு தூக்கினு ஓடுறது?" என்று சொல்லிவிட்டு, ஒரு மறு உருட்டும் ஒரு புதுக் குட்டிச்சாத்தானும் வாங்கினாள். சுருட்டை மாதிரி ஒருவனைத் தேடவில்லை. பந்து யார் கைக்கு வந்தாலும் ஓடுகிற மாதிரி எல்லாரையும் பழக்கினாள். முதல் சுற்றில் மிச்சமிருந்த மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயம், ஒரு டிரா. இரண்டாவது சுற்றிலும் ஜெயங்களே அதிகம்.

எல்லாரும் எல்லாரோடும் இரண்டு தடவை மோதும் லீக் அது. கடைசி வாரம் மறுபடி ராஜகுமாரி. அபிஷேக்கின் வனதேவதைகள் ஏற்கனவே ஃபைனலுக்குப் போயிருந்தார்கள். இந்த ஆட்டம் டிரா ஆனால் ராஜகுமாரி ஃபைனல். தஸ்லீமுக்கு மூன்றாம் இடம், அதற்கும் கப்பு உண்டு. தஸ்லீம் ஜெயித்தால் அவள் ஃபைனல். தோற்றால் ஐந்தாம் இடம், ஒன்றும் கிடையாது. அன்று அஸ்கரும் கூடவே வந்தார், கடையை மதியத்துக்கு முன்னாலேயே சாத்திவிட்டு.

ஒன்றுக்கு ஒன்று. தஸ்லீமுக்குக் கடைசி முறை, அதற்குப் பிறகு ராஜகுமாரிக்கு ஒரு முறை. பந்து பல்லியின் கையில், ஆனால் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம். சுற்றிலும் குள்ளர்கள். பக்கத்தில் பூதம். பல்லியைச் சுற்றி நாலு பேரை நிறுத்திப் பந்தைப் பொத்திக்கொண்டால் டிரா நிச்சயம். இன்னொரு வழியும் இருந்தது. பூதம் பல்லியைத் தூக்கிக் குள்ளர்களுக்கு மேலாக வீசலாம். அவன் நேராகக் காலூன்றி இறங்கி, மிச்ச தூரத்தை ஓட வேண்டும். கோல் விழுந்தால் ராஜகுமாரி தன் கடைசிக் கோட்டுப் பக்கமிருந்து மறுபடி தொடங்க வேண்டும்; ஒரே முறையில் குள்ளர்களால் அவ்வளவு தூரம் வர முடியாது. வீசும்போதே பூதத்தின் கை நழுவினால் பந்து குள்ளர்களின் காலடியில் விழும். அவர்கள் எடுத்துக்கொண்டு நாலடி நடந்தால் கோல்.

"டிராவே போதும் தஸ்லீம்," என்று அஸ்கர் காதருகே கிசுகிசுத்தார். "கப்பு கெடைக்குது. கடையில வெச்சுக்கலாம்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "நேத்து வரைக்கும் அடி அடின்னு கத்தினது யாரு?"

"அது கைலி. இது நெசம்."

தஸ்லீம் பலகையைப் பார்த்தாள். பத்திரமானதை முதலில் செய் என்று இத்தனை வாரம் பழகியது, ஆபத்தானதைக் கடைசியில் நிம்மதியாகச் செய்யத்தானே? பத்திரமானதோடு நிறுத்திக்கொண்டு வீட்டுக்குப் போவதற்கா?

விழுந்து கிடந்த குண்டுமணியை எழுப்பினாள். பூதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். புதுப் பையனைத் தன் கோட்டுப் பக்கம் காவலுக்கு அனுப்பினாள். மற்றவர்களையும் ஒவ்வொருவராக இடம் மாற்றினாள். ஒரு பகடைகூட உருளவில்லை. ராஜகுமாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "பொத்தி வைக்கலையா?" என்றார்.

"இல்ல டாக்டரம்மா. வீசப் போறேன்."

மற்ற மேஜைகளில் ஆட்டம் நின்றது. பகடை உருண்டது. குண்டுமணி பக்கத்தில் நின்றதால் பூதத்துக்குத் தன் வேலை ஞாபகம் இருந்தது. வீச்சும் சரியாகப் போனது. பல்லி இறங்கும்போது பகடையில் விழுந்தது ஒன்று; தவறி விழுகிற எண். அஸ்கர் "யா அல்லா" என்று நாற்காலியைப் பிடித்தார். தஸ்லீம் கடைசியாக மிச்சமிருந்த மறு உருட்டை எடுத்தாள். நாலு. பல்லி காலூன்றி நின்றான். அவன் ஓடக்கூடிய தூரம் கோட்டுக்கு ஒரு கட்டம் முன்னாலேயே முடிந்தது. அந்த ஒரு கட்டத்துக்கு மறுபடி உருட்ட வேண்டும், ஒன்று விழுந்தால் தடுக்கி விழுவான். தஸ்லீம் பகடையை இரண்டு கையாலும் குலுக்கினாள். இரண்டு விழுந்தது. போதும். கோல்!

ஹாலில் எழுந்த சத்தத்தில் வாட்ச்மேன் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். அஸ்கர் முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். ராஜகுமாரி கையை நீட்டினார். "கொஞ்சம் வலிக்குது தஸ்லீம்," என்றார்.

அடுத்த ஞாயிறு ஃபைனல். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அபிஷேக்கின் வனதேவதைகள் நாலு கோல் போட்டார்கள். பூதம் முதல் முறையிலேயே தன் ஆளையே நழுவவிட்டது. இடைவேளை சமோசா வருவதற்குள் ஆட்டம் கையைவிட்டுப் போய்விட்டது. அபிஷேக் நாலாவது கோலுக்கு மன்னிப்பே கேட்டான். "சும்மா போடுடா," என்றாள் அவள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், மூன்றாம் நாள் சரியாகிவிட்டாள். இரண்டாம் பரிசுக் கப்பைக் கடையில் தலையணைகளுக்கு நடுவே அஸ்கர் நிறுத்திவைத்தார். வாடிக்கையாளர் யாராவது கேட்டால், "ஊட்ல வாங்கினாங்க, ஃபுட்பால்," என்பார். அதற்கு மேல் விளக்கமாட்டார்.

மழைக்காலம் முடிந்ததும் அடுத்த லீக் என்று ஸ்ரீகாந்த் அறிவித்தார், இந்தத் தடவை பத்து டீம். ஒரு நாள் மதியம் தஸ்லீம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது, அஸ்கர் போனில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார். "டாக்டர், குள்ளன் டீம்னா மறு உருட்டு எத்தனை வாங்கணும்?" அவளைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டார்.

"யாருங்க போன்ல?"

"பல்லு வலி."

"எந்தப் பல்லு?"

அஸ்கர் கன்னத்தில் கை வைத்தார், முதலில் இடது பக்கம், பிறகு வலது பக்கம். தஸ்லீம் டப்பாவை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே அஸ்கர், "சோறு போட்டுட்டுப் போயேன்," என்று கூப்பிட்டார். உள்ளேயிருந்து பதில் வந்தது: "நீங்களே போட்டுக்குங்க. டீம் கட்டினு கீறேன்."